அத்தியாயம் 6: குடலெடுக்கவும் தோலுரிக்கவும் ஏற்ற கத்தி

மான் விழுந்த பிறகுதான் வேட்டையில் கைவேலை தொடங்குகிறது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் விசாரிப்பவர்களும் கத்தியைப் பயணத்துக்கு முதல் நாள், கடையில் காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தொங்குபவற்றில் ஒன்றாகப் பார்த்து எடுத்து வருகிறார்கள். அதுவும் பெரும்பாலும் நீளமான கத்தியாக, முதுகில் அரம்பப் பல் வைத்ததாக, திரைப்படத்தில் பார்த்ததாக இருக்கும். அந்தக் கத்தியோடு இருட்டும் நேரத்தில், விரல் விறைக்கும் குளிரில், ஒரு மானின் நெஞ்சுக்கூட்டுக்குள் முழங்கைவரை கையை விட்டு வேலை செய்ய வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. இந்த அத்தியாயம் அந்த வேலையிலிருந்து தொடங்குகிறது. வேலை தெரிந்தால் கத்தி தானாகத் தெரியும்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒன்ராறியோவில் நம்மவர்கள் அதிகம் தேடிப்போகும் வெள்ளைவால் மானை. மூஸ் வேட்டைக்கு மாறும் விஷயங்களை இடையிடையே சொல்கிறேன்.

அவசரம் ஏன் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். உயிரோடிருக்கும் மானின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்கு மேல். குளிர்காலத்துக்காக அது வளர்க்கும் மயிர் உள்ளீடற்றது. அந்த வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும். தீனிப்பையில் கிடக்கும் இலையும் கொட்டையும் மான் இறந்த பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும், வாயு ஊறும், வயிறு உப்பும். இறைச்சியை 4 பாகைக்குக் கீழே கொண்டுவருவதுதான் இலக்கு. நவம்பர்க் குளிரில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அம்பு வேட்டை நடக்கும் ஒக்டோபர் தொடக்கத்தில் வெயில் அடித்தால் ஒவ்வொரு மணி நேரமும் இறைச்சியின் சுவையில் தெரியும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் கெடவிடுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு உயிரை எடுத்தவனுக்கு அதன் இறைச்சியை வீணாக்க உரிமையில்லை என்றே நான் நினைக்கிறேன். நல்ல கத்தி அந்தக் கடமைக்கான கருவி.

கத்திக்குக் காத்திருக்கும் வேலை

மானை மல்லாத்திப் போட்டு, தலைப்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி வைத்துக்கொள்கிறீர்கள். முதல் வெட்டு ஆசனவாயைச் சுற்றி. கத்தி முனையை உள்ளே விட்டு, இடுப்பெலும்பின் உட்சுவரை ஒட்டியபடி வட்டமாக அறுத்து மலக்குடலை விடுவிக்க வேண்டும். பிறகு அதை வெளியே இழுத்து ஒரு நூலால் கட்டிவிட வேண்டும். இந்த இடம் குறுகலானது. அகலமான அலகு இங்கே திரும்பாது. முரட்டுத்தனமாகத் திருப்பினால் குடலோ சிறுநீர்ப்பையோ கிழியும். பின்தொடை இறைச்சி, மானில் மிக நல்ல இறைச்சி, நாறிப்போகும்.

அடுத்தது வயிற்றைத் திறப்பது. நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, இரண்டு விரல் நுழையுமளவு ஒரு சிறு துளை போடுகிறீர்கள். இடது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் அதற்குள் விட்டு, தோலை உள்ளிருந்து மேலே தூக்கிப் பிடிக்கிறீர்கள். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே கத்தி, கூர்ப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி போகும். விரல்கள் குடலை அழுத்தி வைக்கும், கத்தி தோலை உள்ளிருந்து வெளியே அறுத்துக்கொண்டு போகும். முனை விரல் நுனியைத் தாண்டக்கூடாது. இந்த ஒரு வெட்டைப் பழகினவருக்கு வேட்டைக் கத்தியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பதினைந்து சென்றிமீற்றர் அலகு வைத்திருப்பவரின் முனை விரல்களைத் தாண்டிப் போய்த் தீனிப்பையில் குத்தும். பச்சைச் சாறு வயிற்றுக்குழி முழுவதும் பரவும். ஒன்பது சென்றிமீற்றர் அலகு விரல்களுக்குள்ளேயே அடங்கும்.

உள்ளிருந்து வெளியே அறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியிலிருந்து அறுத்தால் மயிரும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட மயிர் இறைச்சியில் ஒட்டும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியிருக்கும். மயிரில் படிந்த மண்ணும் மணலும் கத்தியின் கூரையும் தின்றுவிடும். ஒரே மானில் ஒருவரின் கத்தி மழுங்கிவிடுவதும், அதே கத்தியால் இன்னொருவர் இரண்டு மானை முடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

பிறகு உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து விட்டு, கையை நெஞ்சுக்கூட்டுக்குள் மேலே கழுத்துவரை கொண்டு போகிறீர்கள். இடது கை மூச்சுக்குழலைத் தேடிப் பிடிக்கும். வலது கை கத்தியோடு அதே இருட்டுக்குள் போய் இடது கைக்கு மேலே அறுக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கை இரண்டும் இரத்தத்தில் வழுக்கும். வேட்டைக்காரர்கள் தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்வது அதிகம் இந்த நிமிடத்தில்தான். கத்தியின் முதுகில் சுட்டுவிரலை நீட்டி வைத்துக்கொண்டால் முனை எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லும். ஆகவே முதுகு வழவழப்பாக, விரல் வைக்க இடம் உள்ளதாக இருக்க வேண்டும். அரம்பப் பல் வைத்த முதுகில் விரலை வைக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

தோலுரிப்பது வேறு மாதிரியான வேலை. ஊரில் பங்கு போடுவதற்கு ஆட்டை மரக்கிளையில் பின்னங்காலில் தொங்கவிட்டு உரித்ததைப் பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: உரிப்பது கத்தி அல்ல, முட்டி. தொடையின் உட்பக்கமாகக் கீறி, தோலின் விளிம்பைப் பிடித்து இழுத்து, மடக்கிய கையைத் தோலுக்கும் தசைக்கும் நடுவே தள்ளிக்கொண்டு போனால் பெரும்பகுதி தானாகவே கழன்று வரும். சவ்வு விடாமல் பிடிக்கும் இடங்களில் மட்டும், கழுத்திலும் முன்னங்கால் சந்திலும் முதுகின் கடைசியிலும், கத்தியின் வளைந்த பகுதியால் மெல்லத் தடவிவிட வேண்டும். தோலைப் பதனிட எண்ணினால் கூரைச் சற்றே தசைப்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். தோல் வேண்டாம், இறைச்சிதான் வேண்டும் என்றால் தோல்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். பின்னங்கால் கணுவின் உட்பக்கத்தில் கருத்த மயிர்க்கற்றையோடு இருக்கும் சுரப்பியை மட்டும் தொடாதீர்கள். அதன் நாற்றம் கத்தியில் ஏறினால் அடுத்த வெட்டில் இறைச்சிக்குப் போகும். தவறித் தொட்டுவிட்டால் அங்கேயே கத்தியைக் கழுவிவிட்டுத் தொடருங்கள்.

நீளமும் வடிவமும்

மேலே சொன்ன எல்லா வேலைக்கும் எட்டிலிருந்து பத்து சென்றிமீற்றர் அலகு போதும். மூஸுக்குப் போகிறவர்கள் பன்னிரண்டுவரை போகலாம். அதுவும் கால்களையும் கழுத்தையும் பிரிக்கும்போது கொஞ்சம் உதவும் என்பதற்காகத்தான். அதற்கு மேல் நீளம் கூடக்கூடக் கட்டுப்பாடு குறையும்.

"அண்ணை, இந்தச் சின்னக் கத்தியாலையோ மானை உரிக்கிறது?" என்று வேட்டைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் கேட்பார்கள். "ஓம் தம்பி, இதாலைதான். நீர் முனையிலை மூண்டு விரல் அகலம்தான் பாவிக்கப் போறீர், மிச்சம் சும்மா சுமை" என்பதே என் பதில்.

வடிவங்களில் முதலில் பார்க்க வேண்டியது முதுகு முனையை நோக்கி மெல்லத் தாழ்ந்து வரும் அலகு. கடைகளில் டிராப் பாயின்ட் என்று சொல்வார்கள். முதுகு தாழ்வதால் முனை கத்தியின் நடுக்கோட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது. வயிற்றைத் திறக்கும்போது குடலில் குத்தும் ஆபத்து குறைகிறது. கீழே தோலுரிக்கப் போதுமான வளைவும் கிடைக்கிறது. இந்த வடிவத்தை வேட்டைக்காரர்களிடையே நிலைநாட்டியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கைவினைக் கத்திக் கலைஞர் பொப் லவ்லெஸ். 2010இல் அவர் மறைந்தார். இன்று பல தொழிற்சாலைகளின் வேட்டைக் கத்திகளில் அவருடைய கோடுகள் இருக்கும்.

முதுகில் உட்குழிவாக வெட்டி முனையை மேலே கூராக்கிய கிளிப் பாயின்ட் வடிவம் அழகானது. நுண்ணிய வேலைக்கு முனை நன்றாகப் போகும். ஆனால் அதே முனைதான் தீனிப்பையைத் தேடிப்போய்க் குத்தும். கை பழகியவர்களுக்கு அது நல்ல கத்தி, தொடங்குபவருக்கு அல்ல. முனை மேல்நோக்கி வளைந்து, வயிறு பெருத்த அலகு தோலுரிப்பதற்கென்றே செய்தது. மானைத் தொங்கவிட்ட பிறகு அதைப்போல் வேகமாக எதுவும் உரிக்காது, குடலெடுக்கத்தான் உதவாது. மூஸ், கரடி வேட்டைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் குழுவுக்கு ஒன்று வைத்திருந்தால் போதும். இனுயிற் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாவித்துவரும் ஊலு என்ற பிறை வடிவக் கத்தியையும் இங்கே சொல்ல வேண்டும். பிடி அலகுக்கு நேர் மேலே இருப்பதால் கையின் அழுத்தம் முழுவதும் கூருக்குப் போகிறது. கொழுப்பிலிருந்து தோலைப் பிரிக்கும் வேலைக்கு அது அறிவார்ந்த கருவி.

கனடாவுக்கே உரிய வடிவம் ஒன்று இருக்கிறது. நோவா ஸ்கோசியாவின் பிக்டோ என்ற ஊரில் குரோமான் குடும்பத்தின் பட்டறை செய்துவரும் டி. எச். ரசல் கத்தி. நீண்ட இலை போன்ற அலகு, அதற்குச் சற்று மேலே தூக்கியபடி பொருத்திய பிடி. 1950களில் உருவான இந்தக் கத்தி நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இடம்பெற்றது. கையில் எடுத்துப் பார்த்தால் ஏனென்று புரியும்: பிடி உயர்ந்திருப்பதால் விரல்கள் தசையில் இடிக்காமல் அலகு தோலின்மேல் படிந்து போகும். விலை சற்று அதிகம், ஆனால் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகக்கூடிய பொருள்.

முதுகில் கொக்கி வைத்த கத்திகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வயிற்றுத் தோலை ஒரே இழுப்பில் திறக்கலாம் என்பது உண்மை. அந்தக் கொக்கிக்குள் மயிரும் கொழுப்பும் அடைபட்டு, இரண்டாவது மானில் அது அறுக்காமல் இழுக்கத் தொடங்கும் என்பதும் உண்மை. அதைத் தீட்ட மெல்லிய உருண்டைத் தீட்டுகோல் வேண்டும். பெரும்பாலானவர்கள் தீட்டுவதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சுட்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. கொக்கி வேண்டுமென்றால் தனிக் கருவியாக வாங்குங்கள், கத்தியில் வேண்டாம். கூர்ப்பக்கத்தில் அரம்பப் பல் வைத்த கத்தியும் வேண்டாம்; கயிறு அறுக்கத்தான் அது, இறைச்சியைப் பிய்த்துவிடும்.

மடங்காததா, மடக்குவதா, மாற்றலகா

மடக்குக் கத்தி சட்டைப்பையில் அடங்கும், இடுப்பில் இடிக்காது. பக் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த 110 என்ற பித்தளை முனை வைத்த மடக்குக் கத்தி அமெரிக்காவில் ஒரு தலைமுறை வேட்டைக்காரரின் அடையாளமாகவே இருந்தது. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் அதன் அமைப்பு நம்பகமானது. ஆனால் ஒரு மானைக் குடலெடுத்த பிறகு எந்த மடக்குக் கத்தியையும் திறந்து அதன் குழிக்குள் பாருங்கள். இரத்தமும் கொழுப்பும் மயிரும் கீலுக்குள் போய் உறைந்திருக்கும். பல்துலக்கும் தூரிகை, வெந்நீர், தீக்குச்சி என்று அரை மணி நேரம் போகும். அப்போதும் முழுவதும் போகாது. இறைச்சி வெட்டும் கருவி முழுமையாகக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதால் என் ஓட்டு மடங்காத கத்திக்குத்தான். மடக்குக் கத்தி இரண்டாவது கத்தியாக இருக்கட்டும்.

கடந்த சில ஆண்டுகளில் மாற்றலகுக் கத்திகள் வேட்டை முகாம்களை நிறைத்துவிட்டன. ஹவலோன் பிரான்டா போன்றவற்றில் அறுவைசிகிச்சைக் கத்தியை ஒத்த மெல்லிய அலகு இருக்கும். மழுங்கினால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். அவற்றின் கூரை எந்தக் கல்லில் தீட்டிய கத்தியும் எளிதில் எட்டாது. மூஸ் போன்ற நானூறு ஐந்நூறு கிலோ விலங்கை உரிக்கும்போது இருட்டில் நின்று கத்தி தீட்டும் வேலை மிச்சம். ஆனால் அந்த அலகு பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. மூட்டுக்குள் விட்டு நெம்பினால் முறியும். முறிந்த துண்டு இறைச்சிக்குள் தங்கினால் யாரோ ஒருவரின் வாய்க்குப் போகும். வெறும் விரலால் அலகை மாற்றப்போய்த் தசைநார் அறுபட்டவர்களும் உண்டு. இந்தக் கத்தி வைத்திருந்தால் அலகை எப்போதும் சிறு குறட்டால் மாற்றுங்கள், கொண்டுபோன அலகுகளையும் கழற்றியவற்றையும் எண்ணி ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், மூட்டுப் பக்கம் கொண்டு போகாதீர்கள். தோலுக்கு மட்டும் அதைப் பாவித்து, மூட்டுக்கும் குடலுக்கும் மடங்காத கத்தியை வைத்திருப்பவர்களே புத்திசாலிகள்.

எலும்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பையும் நெஞ்செலும்பையும் கத்தியால் பிளக்க முயலாதீர்கள். மடக்கு வாள் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எடை அதிகமில்லை. கத்தி தடிமனாக இருக்க வேண்டும் என்று மக்கள் நினைப்பதற்குக் காரணமே எலும்பைப் பிளக்கும் ஆசைதான். அந்த ஆசையை வாளிடம் விட்டுவிட்டால் இரண்டரையிலிருந்து மூன்றரை மில்லிமீற்றர் தடிமன் தாராளம்.

உருக்கு

கத்தி விற்பனையில் அதிகம் குழப்புவது உருக்கின் பெயர்கள்தான். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு இழுபறியை: கூர் நீண்ட நேரம் நிற்கும் உருக்கு தீட்டக் கடினம், எளிதில் தீட்டக்கூடியது சீக்கிரம் மழுங்கும். ராக்வெல் என்ற அளவில் கடினம் 56 முதல் 58வரை உள்ள கத்தியைச் சாதாரணக் கல்லில் சில நிமிடங்களில் கூராக்கிவிடலாம். 60க்கு மேல் போனால் கூர் நிற்கும், ஆனால் எலும்பில் தவறி மோதினால் சில்லுப் பெயரும்.

பக் நிறுவனம் பெரும்பாலும் பாவிக்கும் 420 ஹெச்.சி, சுவீடனின் மோரா கத்திகளில் வரும் 12சி27 ஆகிய இரண்டும் துருவேறாத, எளிதில் தீட்டக்கூடிய உருக்குகள். தொடங்குபவருக்கு இவற்றைவிடப் பொருத்தமானது இல்லை. டி2 நல்ல உழைப்பாளி. கூர் நன்றாக நிற்கும், ஆனால் முழுக்கத் துருவேறாதது அல்ல. எஸ்30வி போன்ற தூள் உருக்குகளுக்கு வைரத் தகடு இல்லாமல் தீட்டப் போகாதீர்கள். 1095 போன்ற கரிம உருக்கு, கல்லில் வைத்ததும் கூரேறும் இனிமையான பொருள். இரத்தம் பட்டு ஒரு மணி நேரம் கழுவாமல் விட்டால் கறை விழும், ஈரத்தோடு உறையில் போட்டால் மறுநாள் துரு. தினமும் துடைத்து எண்ணெய் பூசும் குணமுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம்.

உருக்கைவிடக் கூரின் அமைப்பு முக்கியம் என்பேன். முதுகிலிருந்து கூர்வரை சீராகச் சரிந்து மெலிந்துவரும் அலகு தசைக்குள் தடையின்றிப் போகும். மோராவும் பின்லாந்தின் புக்கோவும் வேறு வகை: பாதி உயரம்வரை தட்டையாக வந்து, அங்கிருந்து ஒரே அகலமான சரிவாகக் கூருக்கு இறங்கும். அந்தச் சரிவை அப்படியே கல்லில் படுக்க வைத்துத் தேய்த்தால் போதும், கோணம் பற்றிய கவலையே இல்லை. தீட்டத் தெரியாதவர் தீட்டப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பிடியும் உறையும்

கடையில் உலர்ந்த கையோடு பிடித்துப் பார்ப்பது ஏமாற்றும். கையில் கொழுப்பு பூசியிருக்கும்போது பிடி எப்படி இருக்கும் என்பதே கேள்வி. வழவழப்பாக மெருகேற்றிய மரமும் மான்கொம்பும் கண்ணுக்கு அழகு, இரத்தத்தில் சறுக்கும். சொரசொரப்பான றப்பர் போன்ற பிடிதான் காட்டில் கைகொடுக்கும். பிடியும் அலகும் சேரும் இடத்தில் சுட்டுவிரல் முன்னால் வழுக்கிப் போகாமல் தடுக்க ஒரு மேடு அவசியம். மரபான புக்கோவில் அது இருக்காது. பின்லாந்தில் சிறு வயதிலிருந்தே கத்தி பழகியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. நமக்குத் தேவை. குளிருக்குக் கையுறை போட்டு வேலை செய்பவரானால் கையுறையோடு பிடித்துப் பாருங்கள். மெலிந்த பிடி கையுறைக்குள் சுழலும். நிறமும் முக்கியம். செம்மஞ்சள் பிடியைக் கேளுங்கள். உதிர்ந்த மேப்பிள் இலைகளுக்கு நடுவே பழுப்பு நிறக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மாலை வெளிச்சத்தில் தேடுவது கொடுமை.

தோல் உறை மணமும் மதிப்பும் உள்ளது, ஆனால் இரத்தத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்; கழுவினால் சுருங்கும். பிளாஸ்திக் உறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடலாம். அடியில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள்; விழுந்தால் வேண்டாம்.

சட்டம்

கனடாவில் வேட்டைக்காக மடங்காத கத்தி வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் பொத்தானை அழுத்தினாலோ, கையை உதறினாலோ, தன் எடையாலோ தானாகத் திறந்துகொள்ளும் கத்தி குற்றவியல் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். வெளிநாட்டு இணையக் கடைகளில் மடக்குக் கத்தி வாங்குபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விற்பவருக்கு அது சாதாரணப் பொருளாக இருக்கலாம், எல்லையில் சுங்க அதிகாரி உதறிப் பார்த்துத் திறந்தால் பறிமுதல். ஆகவே உள்ளூர்க் கடையில், கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். வேட்டை முடிந்து திரும்பும் வழியில் கோப்பி குடிக்க இறங்குமுன் கத்தியை இடுப்பிலிருந்து கழற்றி வாகனத்தின் பின்பெட்டியில் வையுங்கள். காட்டில் கருவியாக இருப்பது கடை வாசலில் மற்றவர்களுக்கு ஆயுதமாகத் தெரியும்; அந்தப் பதற்றத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

தீட்டுதல்

மழுங்கிய கத்திதான் ஆபத்தானது. அது அறுக்காததால் நீங்கள் அழுத்துகிறீர்கள். அழுத்தியது திடீரென்று விடுபட்டு உங்கள் மற்றக் கைக்கு வருகிறது. எனவே கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தீட்டுகல்லுக்கு வையுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையுமான கல் ஒன்று வீட்டுக்கு. விரல் நீளப் பீங்கான் கோல் ஒன்று காட்டுக்கு.

கோணம் பக்கத்துக்குச் சுமார் 20 பாகை. கோணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி: கத்தியின் கூர் ஓரம் முழுவதும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கூரின் விளிம்பில் மை அழிந்திருந்தால் கோணம் சரி. மேலே அழிந்து விளிம்பில் மை மிஞ்சியிருந்தால் கத்தியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கத்தில் நுண்ணிய பிசிர் எழும். பெருவிரலைக் கூருக்குக் குறுக்கே, வெளிப்புறமாகத் தடவினால் உரசும். அடியிலிருந்து முனைவரை அந்தப் பிசிர் வந்த பிறகே பக்கத்தை மாற்றுங்கள். பொறுமையில்லாமல் மாற்றுவதுதான் பலருக்கும் கூர் வராததற்குக் காரணம். கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டியின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். தாளைப் பிடித்து மேலிருந்து அறுத்துப் பாருங்கள். கிழியாமல் நழுவிப் போக வேண்டும்.

மின்சாரச் சாணையில் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. பொறி பறக்கும் வேகத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி உருக்கின் பதம் போய்விடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

கழுவுதல்

வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் இரத்தத்தைக் கழுவி, பிறகு வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கொழுப்பை எடுத்து, நன்றாகத் துடைத்து, உறைக்கு வெளியே காயவிடுங்கள். கரிம உருக்கானால் மெல்லிய படலமாகச் சமையல் எண்ணெய் போதும். இறைச்சியில் படும் கத்தியில் இயந்திர எண்ணெய் வேண்டாம். வேலை முழுவதும் நைத்திரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முயல் உரிப்பவர்கள் துலரீமியா என்ற தொற்றுக்காக இதைக் கட்டாயமாகவே கொள்ள வேண்டும்.

மேற்கு மாகாணங்களுக்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஆல்பெர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் காட்டு மான்களிடையே நாள்பட்ட மெலிவு நோய் பரவியிருக்கிறது. இதற்குக் காரணம் பிரையான் என்ற திரிந்த புரதம்; கொதிநீரில் அது அழியாது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பாவனைக்கான பிளீச்சில் இரண்டு பங்கும் நீரில் மூன்று பங்கும் கலந்த 40 சதவீதக் கரைசலில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் துருவேறாத உருக்குப் பரப்பில் இருக்கும் பிரையான் செயலிழப்பதாகக் கண்டார்கள். சதைத் துணுக்கு ஒட்டியிருந்தால் கரைசல் அதற்குள் ஊடுருவாது. ஆகவே முதலில் தேய்த்துக் கழுவிவிட்டு ஊறவையுங்கள். கீல் உள்ள மடக்குக் கத்தியை இப்படிச் சுத்தம் செய்வது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த மாகாணங்களில் மூளையையும் முதுகுத்தண்டையும் வெட்டாதீர்கள், தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை இறைச்சியைச் சமைக்காதீர்கள். இந்த நோய் மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோயுற்ற மானை உண்ண வேண்டாம் என்பதே சுகாதாரத் துறைகளின் அறிவுரை.

எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்கு: மோரா கம்பேனியன், துருவேறாத உருக்கு, செம்மஞ்சள் பிடி. பத்து சென்றிமீற்றர் அலகு, இரண்டரை மில்லிமீற்றர் தடிமன், கழுவக்கூடிய உறை, மலிவான விலை. ஒரு பருவம் பாவித்துப் பார்த்து, இன்னும் நல்லது வேண்டுமென்று கை கேட்டால் அப்போது டிராப் பாயின்ட் அலகுள்ள பக் ஒன்றையோ பிக்டோவில் செய்த கத்தியையோ வாங்கலாம். எதை வாங்கினாலும் கோடையிலேயே வாங்குங்கள். ஒரு முழு ஆட்டுத் தொடையை வாங்கி வந்து, கையில் எண்ணெய் பூசிக்கொண்டு, அந்தக் கத்தியாலேயே சவ்வை நீக்கி எலும்பைப் பிரித்துப் பாருங்கள். பிடி எங்கே உறுத்துகிறது, முனை எங்கே அடங்க மறுக்கிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். உறுத்தினால் அதைச் சமையலறைக்கு விட்டுவிட்டு, நவம்பருக்கு முன் வேறொன்று வாங்கிவிடுங்கள்.